வடக்கு பார்த்த அண்ணாச்சி

என் வீட்டுக்காரருக்கு வலது காது கேட்காது. இப்படி முதல் வரியிலேயே எழுதுவேன் என்று போன வருடம் தெரிந்திருந்தால் மூன்று நாள் என் கையால் சாப்பிட்டிருக்க மாட்டார். முப்பது வருடமாக இது எங்கள் வீட்டு ராணுவ ரகசியம். எனக்குத் தெரியும். மகள் மதுமதிக்குத் தெரியும். அவரைப் பீரங்கிப் படையிலிருந்து ஸ்டோருக்குத் தள்ளிய மெடிக்கல் போர்டுக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் திமிர் பிடித்த மனிதர், அவ்வளவுதான். மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி கேட் பக்கம் யாராவது வலது புறமாக வந்து "சுப்பையா சார், வணக்கம்" என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பார். "மிலிட்டரிக்காரர் இல்லையா, கொஞ்சம் கெத்து" என்று பேசிக்கொள்வார்கள். அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. செவிடன் என்று பெயர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று வாங்குவது மேல் என்று நினைத்தார்.

இப்பேர்ப்பட்டவர் அறுபத்தோரு வயதில் வீட்டில் உட்கார்ந்து சவுண்டு வேலை ஆரம்பித்தார். சும்மா சவுண்டு இல்லை. ஹெட்போனை மாட்டினால் முன்னால், பின்னால், தலைக்கு மேலே என்று சத்தம் நம்மைச் சுற்றி வருமே, அந்தச் சவுண்டு. இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கிறவர்களே திணறுகிற வேலை அது. நீச்சல் தெரியாதவன் மீன் பிடிக்கப் போன மாதிரி என்று நான் சொன்னேன். இடது பக்கம் நின்று சொன்னதால் கேட்டுவிட்டது.

எல்லாம் மதுமதி செய்த வேலை. குர்கானில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வரும்போது அப்பாவுக்கு என்று பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தாள். "மழை சுத்திச் சுத்திப் பெய்யும்ப்பா, பஹுத் அச்சா இருக்கும்" என்று அவர் தலையில் மாட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் செத்துப் போயிற்று. "ஸாரிப்பா, எனக்குத் தியான்லயே வரல, மறந்துட்டேன்" என்றாள். டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் அப்படித்தான் வரும்.

அவர் மழையை ஒரு தடவை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி இடது வலதை மாற்றிப் போட்டுக்கொண்டு அதே மழையை மறுபடி கேட்டார். மறுபடி மாற்றினார். நான் அதிரசம் சுட்டு முடிக்கிற வரைக்கும் இதையே செய்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் இல்ல. வலது பக்கத்துச் சத்தம் இடது காதுக்குக் கொஞ்சூண்டு பிந்தி வருது, கொஞ்சம் மழுங்கலா வருது. அந்த வித்தியாசத்த வச்சுத்தான் மூள எடத்தச் சொல்லுது. இது நம்ம வேலைல்லா!"

அவர் வேலைதான். பட்டாளத்தில் அவர் பீரங்கி சுடுகிற ஆள் இல்லை, அளக்கிற ஆள். பாலைவனத்தில் வரிசையாக மைக்குகளை நட்டு வைப்பார்களாம். எதிரி பீரங்கி வெடித்தால் எந்த மைக்கில் சத்தம் முதலில் விழுகிறது, எதில் பிந்தி விழுகிறது என்று பார்த்து அந்தப் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. ராஜஸ்தானில் ஒரு பயிற்சியின்போது காதில் வைத்த பஞ்சு நழுவி விழுந்தது. அன்றைக்குப் போன காது. போர்டு உட்கார்ந்தது, 'இலகுவான பணிக்குத் தகுந்தவர்' என்று எழுதியது, ஸ்டோரில் போர்வை எண்ண வைத்தது. வெளியே வந்து பொதுத்துறை கம்பெனி ஒன்றில் இருபது வருடம், அங்கேயும் ஸ்டோர்தான். நட்டும் போல்ட்டும் வலது பக்கமிருந்து கூப்பிடாது. ஆனால் அந்த 'இலகுவான பணி' என்ற இரண்டு வார்த்தையை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை. இன்னொரு தடவை யாராவது தன்னிடம் அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ரகசியம், அந்தத் திமிர், எல்லாமே.

தீபாவளி முடிந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. வீடியோ பாடங்கள் பார்த்தார், நோட்டுப் போட்டு எழுதினார். கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் ஒன்றை மதுமதி இறக்கிக் கொடுத்தாள். லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் சட்டைக் காலரில் குத்துகிற சின்ன மைக் இரண்டு வாங்கினார். சதர் பஜாரில் விக் கடைக்காரனிடம் பேசி ஒரு தெர்மாகோல் தலை வாங்கினார். அதற்குக் காது வேண்டுமே? அக்குபஞ்சர் படிக்கிறவர்கள் ஊசி குத்திப் பழகுவதற்கென்று ரப்பர் காது ஆன்லைனில் கிடைக்கிறதாம். ஒரு ஜோடி வந்தது. ஈரல் எங்கே, குடல் எங்கே என்று அதில் புள்ளி புள்ளியாகக் குறித்திருந்தது. இரண்டையும் தலையில் ஒட்டி, ஓட்டைக்குள் மைக்கைச் செருகினார். மனுஷன் எப்படிக் கேட்பானோ அப்படியே இந்தத் தலை கேட்கும், ஹெட்போனில் நாம் அதன் காதால் கேட்போம், விஷயம் அவ்வளவுதான்.

மொட்டைத் தலையும் அகலக் காதுமாக அது தூத்துக்குடியில் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியை உரித்து வைத்திருந்தது. நான் அண்ணாச்சி என்றே பெயர் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு காதும் ஒழுங்காக உள்ள ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான்.

அண்ணாச்சியை எங்கே வைத்தாலும் இவர் முதலில் செய்வது ஒன்று உண்டு. பட்டாளத்துத் திசைகாட்டியை எடுத்து, அண்ணாச்சியின் மூக்கை நேர் வடக்காகத் திருப்பி, வைத்த இடத்தில் சாக்பீஸால் ஒரு அம்பு போட்டு 'N' என்று எழுதுவார். கோணத்தையும் எல்லோரும் போல முந்நூற்று அறுபது டிகிரியில் சொல்ல மாட்டார். பீரங்கிக்காரர்களுக்கு வட்டம் என்றால் ஆறாயிரத்து நானூறு மில். சமையலறைக் குக்கர் ஆயிரத்து அறுநூறு மில்லில் இருக்கிறது என்பார். குக்கர் அங்கேயேதான் இருக்கும், எடுத்து அடுப்பில் வையுங்கள் என்பேன்.

அப்புறம் ரஜாய் பிரச்சினை. அறைக்குள் சத்தம் எதிரொலிக்கக் கூடாதாம். டிசம்பர் குளிரில் டெல்லிக்காரர்கள் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த ரஜாயைப் போர்த்திக்கொள்வார்கள், எங்கள் வீட்டில் சுவர் போர்த்திக்கொண்டது. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தேன்.

ரெக்கார்டிங் நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. அப்போதுதான் சொசைட்டி மொத்தமும் மொட்டை மாடியில் வெயில் காயப் போயிருக்கும். அந்த நேரத்தில் ஃபேன் கூடாது, மோட்டார் கூடாது, ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது. ஒரு சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கி வைத்துவிட்டு மதுமதி வீட்டுக்குப் போய்த் திங்கள்கிழமை வந்தேன். ரெக்கார்டிங்குக்காக அணைத்த ஃபிரிட்ஜை இவர் மறுபடி போடவே இல்லை. மீன் நாற்றம் மாடி வீடு வரைக்கும் போயிற்று. மாடி வீட்டு ராமசுப்ரமணியன் ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி. வாயால் சொல்லாமல் எழுதியே கொடுத்தார்: 'பொருள்: கீழ்த்தளத்திலிருந்து எழும் துர்நாற்றம்.' அன்றிலிருந்து ஃபிரிட்ஜை அணைக்கும்போதெல்லாம் இவர் தன் மெட்ரோ கார்டையும் பர்ஸையும் அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். வெளியே கிளம்பும்போது அவற்றைத் தேடித் திறந்தால் தானாக ஞாபகம் வந்துவிடும்.

கேட்டுக்கு வரும் காய்கறி வண்டிக்காரன் அண்ணாச்சியைச் சுற்றிக் கூவிக்கொண்டே போவதை மூன்று நிமிஷம் பதிவு செய்து டெல்லித் தமிழர் வாட்ஸப் குழுவில் போட்டார். 'படம் தெரியவில்லை' என்று ராமசுப்ரமணியன் பதில் போட்டார். வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. கவிப்ரியா மட்டும் அன்றைக்கே போன் பண்ணினாள்.

கவிப்ரியா முனிர்காவில் ரூம் எடுத்துத் தங்கி யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி பண்ணுகிற பெண். ஒரு நாடகம் எழுதியிருந்தாள். மேடையில் ஒன்றும் கிடையாது. நாற்பது பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஹெட்போனோடு உட்காருவார்கள். ஃபிளாட்டில் கோமதி என்று ஒருத்தி காலையில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்கிறவர்கள்தான் கோமதி. நாலா பக்கமிருந்தும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மம்மி, ஆன்ட்டி, பாபிஜி, ஏய், எங்க இருக்க. இருபது நிமிஷமும் ஒருத்தரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. கடைசியில் எல்லாச் சத்தமும் நின்றதும் வலது தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக "கோமதி" என்கிறார்கள். அவ்வளவுதான் நாடகம். கதையைக் கேட்ட நான் அடுப்பில் பால் வைத்திருந்ததை மறந்துவிட்டேன். இவர் "வலது பக்கம் பின்னால, ரெண்டாயிரத்தி நானூறு மில்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

"ஸ்டூடியோவுக்கெல்லாம் எங்ககிட்ட வழியில்ல அங்கிள். நீங்க பண்ணித் தர முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை, பெண் பார்க்க வந்த அன்றைக்கு உட்பட.

ஜனவரி முழுக்க அவள் நண்பர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கத்தினார்கள். அண்ணாச்சி சமையல் மேடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது கவிப்ரியா முழுதாகக் கேட்க வந்தாள். கண்ணை மூடி உட்கார்ந்தாள். ஐந்தாவது நிமிஷம் புருவம் சுருங்கியது. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், ரொம்ப இயல்பா இருக்கு. ஆனா அடுப்பு ஏன் என் வலது காதுல எரியுது? கோமதி அடுப்புக்கு நேராத்தானே நிக்கிறாங்க? ஹஸ்பண்ட் ஹால்லேர்ந்து கூப்பிடறது முதுகுக்குப் பின்னால வரணும், இடது பக்கமா வருது. கடைசிக் குரலும் இடது பக்கம் வந்திருச்சு."

"சரியாத்தானே இருக்கு?" என்றார் இவர். நோட்டைப் புரட்டினார். திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நீங்க ரெண்டு பக்கமும் செக் பண்ணீங்களா அங்கிள்?"

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். இவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் ஜாதகத்தில் அது இல்லை.

"அவிகளுக்கு வலது காது கேக்காதும்மா. அதான் பக்கம் மாறிப் போயிருக்கும்" என்றேன்.

கவிப்ரியா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஓ, ஸாரி அங்கிள், எனக்குத் தெரியாது" என்றாள். தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள். இவர் அண்ணாச்சியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். போகும்போது "சொல்லிட்டேல்லா?" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை.

மறுநாள் கவிப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது. 'அங்கிள், உங்க ஹெல்த்தான் முக்கியம். நீங்க ரெஸ்ட் எடுங்க. நொய்டால ஒரு ஃப்ரெண்டை வச்சுப் பாத்துக்கறோம். நீங்க செஞ்சதுக்கெல்லாம் ரொம்ப நன்றி.' போனை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். சுவரில் இருந்த ரஜாய்களைக் கழற்றி, மூலைக்கு மூலை சரியாக மடித்து, ஸ்டோரில் போர்வை அடுக்குகிற மாதிரி கட்டிலில் அடுக்கினார். இரண்டு மாதமாக அந்த ரஜாய்க்காகத்தான் சண்டை போட்டேன். அது கைக்கு வந்த அன்றைக்கும் நான் இரண்டு ஸ்வெட்டரோடுதான் படுத்தேன். இந்த மனுஷனை இரண்டாவது தடவையாகப் போர்டு பண்ணியது நான்தான்.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் சமையல் மேடையைத் துடைக்கும்போது அந்தச் சாக்பீஸ் அம்பு கண்ணில் பட்டது. 'N'. அம்பு ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்த இடத்தில் நின்று ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அடுப்பு என் வலது கைப்பக்கம் இருந்தது. ஹால் இடது பக்கம் இருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துடைத்த துணியோடு உள்ளே போனேன்.

"ஏங்க, அண்ணாச்சி மூக்கு ஏன் ஃபிரிட்ஜப் பாக்கு?"

ரஜாயின் மூலையை இழுத்துச் சரி செய்தார்.

"உங்களத்தான். இடது பக்கம் நின்னுதான் கேக்கேன்."

"அது வடக்கு" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"கோமதி எங்க பாத்துக்கிட்டு நிக்கா?"

கட்டில் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"பால் பொங்குது, பிள்ள கத்துது, இதுல சமைக்கிறவ வடக்கு எங்கன்னு பாத்தா நிப்பா? அடுப்பப் பாத்துல்லா நிப்பா? நம்ம அடுப்பு கிழக்க பாத்து இருக்கு. நடிச்ச பிள்ளைக அடுப்ப வச்சு எடம் பாத்து நின்னுச்சு, நீங்க அண்ணாச்சிய வடக்க பாத்து உக்கார வச்சிட்டீய. எல்லாம் ஒரு கால்வட்டம் திரும்பிப் போச்சு."

அவர் எழுந்து சமையலறைக்கு வந்தார். அம்பைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பட்டாளத்தில் பூஜ்யம் என்றால் வடக்கு. பீரங்கிக்கு மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கு வடக்கிலிருந்துதான். நாற்பது வருடமாக அவர் அப்படித்தான் உலகத்தைப் பார்த்திருக்கிறார். பெண்பிள்ளை அடுப்படியில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள் என்று யோசிக்க அவருக்குக் காரணமே இருந்ததில்லை.

"அப்பம் காது இல்ல" என்றார்.

"காது இல்ல. வடக்கு. நான்தான் தெரியாம காது மேல பழியப் போட்டுட்டேன்."

முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே இருண்டது. "மறுபடி எடுத்தாலும், சரியா வருதான்னு பாக்க ரெண்டு காதும் வேணும்லா. மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டா சத்தம் தெரியும், எடம் தெரியாதுட்டி. அந்தப் பிள்ள சொன்னதுல தப்பில்ல."

எனக்கு வந்ததே கோபம். "ராஜஸ்தான்ல பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளிக் குண்டு விழுமே, அது விழுந்த எடத்த உங்க பீரங்கிக்காரன் எவனாவது கண்ணால பாத்திருக்கானா?"

"அவன் எப்படிப் பாப்பான்? மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம்லா விழும். முன்னால ஓ.பி.ன்னு ஒரு ஆள் உக்காந்து பாப்பாரு. ரைட் அம்பது, லெஃப்ட் நூறுன்னு ரேடியோல சொல்லுவாரு. இவன் அதுக்குத் தக்கன திருப்புவான்."

"பாக்காமயே அடிச்சதுக்கு அவனுக்கு மெடல் குடுத்தான்லா?"

"குடுத்தான்."

"நான் ஓ.பி. நீங்க திருப்புங்க" என்றேன்.

இரண்டு நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் முனிர்காவுக்குப் போனேன். அண்ணாச்சியையும் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன், நேரில் காட்டினால்தான் புரியும் என்று. மெட்ரோ மிஷினில் பை போனதும் செக்யூரிட்டிப் பெண் திரையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். "யே க்யா ஹை?" என்றாள், இது என்ன என்று. என் ஹிந்தி இத்தனை வருடமாகக் காய்கறிக்காரனைத் தாண்டியதில்லை. "என் புருஷனோடது" என்று ஹிந்தியில் சொன்னேன். காதைத் தடவிப் பார்த்து, ஈரலும் குடலும் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இனி எதுவும் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கவிப்ரியாவின் ரூம் நாலாவது மாடி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்து. என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்கிளக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான் ஆன்ட்டி..." என்றாள்.

"கஷ்டப்படட்டும்மா. நீ ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னதுதான் அவிகளுக்குக் கஷ்டம். அத அவிகளுக்கு ஏற்கனவே ஒரு தடவ சொல்லியாச்சு."

கட்டிலில் அண்ணாச்சியை உட்கார வைத்து, வடக்கையும் அடுப்பையும் விளக்கினேன். அவள் ஐந்து நிமிஷம் சிரித்தாள். நொய்டா நண்பன் இன்னும் போனே எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவள் கேட்டுச் சரி என்றால் இவர் வேலை. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ரத்து.

ரஜாய்கள் மறுபடி சுவருக்குப் போயின. அண்ணாச்சி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார். அடுப்படிச் சத்தத்தை மறுபடி எடுத்தோம். அண்ணாச்சி காதில் ஒரு தடவை விழுந்ததைப் பிற்பாடு திருப்ப முடியாதாம், அதனால் கூப்பிடும் குரல்களை மட்டும் தனித்தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் இடம் பார்த்து வைப்பது என்று முடிவு. நடித்த பிள்ளைகள் பரீட்சைக்கு நடுவே ஓடி வந்து கத்திவிட்டுப் போனார்கள்.

இடம் பார்க்கிற வேலை என்னுடையது. துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஹெட்போனோடு நாற்காலியில் உட்காருவேன். குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கே விரலை நீட்டுவேன். இவர் திசைகாட்டியை என் விரல் நுனியில் வைத்து அளப்பார்.

"புருஷன் எங்கட்டி நிக்கான்?"

"முன்னால, அடுப்பு மேல."

"பின்னாலட்டி நிக்கணும்!"

"அத அவன்கிட்ட சொல்லுங்க. எனக்கு அடுப்பு மேலதான் நிக்கான்."

முன்னால் வருவது பின்னால் கேட்பதும் பின்னால் வருவது முன்னால் கேட்பதும் இந்த வேலையில் எல்லோருக்கும் வருகிற தலைவலியாம். அதற்கென்று என்னென்னவோ திருகினார். நான் "ரைட் இருநூறு" என்பேன், திருப்புவார். "இன்னும் அம்பது" என்பேன், திருப்புவார். மூன்றாம் நாள் எனக்கு நாக்கில் மில் தவிர வேறு வரவில்லை. காய்கறிக்காரனிடம் லெஃப்ட் நூறில் இருக்கிற கத்தரிக்காயைக் கேட்டேன்.

ஒரு மத்தியானம் ராமசுப்ரமணியன் ஏதோ எழுதிய காகிதத்தோடு வந்திருக்கிறார். கதவு திறந்திருந்தது. நான் கண்ணைக் கட்டிக்கொண்டு அவர் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். இவர் குனிந்து என் விரலை அளந்துகொண்டிருக்கிறார். "சத்தியமா நான் ஒண்ணும் பாக்கலை, சுப்பையா. நீங்க உங்க காரியத்தப் பாருங்கோ" என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். நிகழ்ச்சிக்கு அவரையும் கூப்பிடச் சொன்னேன், பாவம்.

கடைசிக் குரலுக்கு மட்டும் ஆள் இல்லை. அதைப் பேசிய பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். "நீயே சொல்லு" என்றார். இதை அண்ணாச்சி காதிலேயே எடுக்கலாம் என்றார். அண்ணாச்சியின் வலது தோளுக்குப் பின்னால் நான் நின்றேன். இவர் அவருக்கு முன்னால் லேப்டாப்பைப் பார்த்தபடி அதே திசையில் உட்கார்ந்திருந்தார். ஆக, நான் நின்றது இவருக்கும் வலது பக்கம்.

"கோமதி" என்று மெதுவாகச் சொன்னேன்.

இவர் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. முப்பது வருடமாக நான் எதைச் சொன்னாலும் இடது பக்கம் போய் நின்று சொல்லிப் பழகியவள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆயிற்று. கேட்காது என்ற தைரியத்தில் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். "அன்னைக்கு அந்தப் பிள்ள முன்னால நான் அப்படிச் சொல்லிருக்கப்படாது. மன்னிச்சிருங்க."

"சொல்லிட்டியா?" என்றார் திரும்பாமல்.

"சொல்லிட்டேன்" என்றேன் சத்தமாக.

வெள்ளிக்கிழமை கவிப்ரியா வந்து கேட்டாள். கண்ணைத் திறக்காமலே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் மன்றத்து ஹாலில் நாற்பது நாற்காலி, நாற்பது ஹெட்போன், நாற்பது கறுப்புத் துணி. நாங்கள் இருவரும் ஓரத்தில் நின்றோம். எங்களுக்கு ஹெட்போன் இல்லை. ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. இருபது நிமிஷம் நாற்பது பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எவ்வளவு அபத்தம் தெரியுமா? எதற்கோ முகம் சுளிக்கிறார்கள், எதற்கோ சிரிக்கிறார்கள். முன்வரிசை அம்மா ஒருத்தி குக்கரை அணைக்கக் கையை நீட்டிவிட்டாள். இவர் கையில் கைக்கடிகாரம். அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இப்பம்" என்றார்.

நாற்பது தலையும் திரும்பின. வலது தோளுக்குப் பின்னால், யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அங்கே யாரும் இல்லை. கண்ணைக் கட்டியிருந்தும் திரும்பினார்கள். கட்டு நனைந்து போனதை இரண்டு மூன்று பேரிடம் பார்த்தேன்.

"எத்தன பேரு திரும்புனாவ?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"முப்பத்தொம்பது பேரு வலது பக்கம்."

"ஒருத்தரு?"

"இடது பக்கம். ராமசுப்ரமணியன் சாரு. ஹெட்போன மாத்திப் போட்டிருக்காரு."

அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து 39, 1 என்று எழுதிக் கோடு போட்டார்.

முடிந்ததும் எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். ராமசுப்ரமணியன்தான் முதலில் வந்தார். "கடைசியில இடது பக்கம் ஒரு குரல் வந்தது பாருங்கோ, பிரமாதம். எப்படி அவ்வளவு கரெக்டா வச்சேள்? காது நன்னா இருக்கணுமோன்னோ இதுக்கு?"

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். இந்தத் தடவை செத்தாலும் திறப்பதில்லை என்று இருந்தேன்.

"எனக்கு வலது காது கேக்காது சார்" என்றார் இவர், அத்தனை பேர் நடுவில், பட்டாளத்துக் குரலில். "பாலைவனத்துல போச்சு. இவ பாத்துச் சொன்னா, நான் திருப்புனேன்."

ராமசுப்ரமணியன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதான் நான் கூப்பிட்டா நீங்க திரும்பறதே இல்லையா? அஞ்சு வருஷமா உங்க மேல கோபமா இருந்தேனே, அடடா" என்று இவர் இடது பக்கமாகச் சுற்றி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

மெட்ரோவுக்கு நடக்கும்போது வழக்கம் போல நான் இடது பக்கம் போனேன். கூட்டம் குறைந்ததும் நடையை மெதுவாக்கினார்.

"கோமதிக்கு அப்புறம் அன்னைக்கு என்னமோ சொன்னியே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படி..."

"ரெக்கார்டிங் ஓடிக்கிட்டுத்தானட்டி இருந்தது? ஹெட்போன மாத்திப் போட்டுக் கேட்டேன்." தெருவைக் கடக்க என் கையைப் பிடித்தார். "நாடகத்துல அத வெட்டிட்டேன். எங்கிட்ட இருக்கு. அத அழிக்க மாட்டேன்."